பூப்போட்டுப் பார்த்த காலேஜ்

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. பெற்றது நான்கு, கொழுந்தனார் விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவள் நான். இப்போது நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் என்கிற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊரில் பெல் அடிக்கிறவர்கள் யாரும் கதவு திறக்கும்வரை நிற்பதில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து போவதற்குள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி மட்டும் உட்கார்ந்திருக்கும்; வந்தவருடைய வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். எங்கள் ஊரான திருமங்கலத்தில் தபால்காரருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. இங்கே மோரைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

போன டிசம்பரில் அப்படி வந்த ஒரு பெட்டியைப் பிரித்தால், ஊதா நிறத்தில் ஒரு டீஷர்ட். நெஞ்சில் ஒரு காலேஜின் பெயர். அந்தக் காலேஜில் சேருகிறேன் என்று என் பேத்தி யாழினி இன்னும் சொல்லவே இல்லை. பெண் வீட்டார் சரியென்று சொல்லுமுன்னே பட்டுப்புடவை வந்து இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

யாழினி ஏற்கெனவே ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பென்சில்வேனியா மலைப்பக்கம், காரில் ஐந்து மணி நேரம். லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்கிறார்கள். டாக்டர், என்ஜினியர் என்று ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் பாறையைப் பற்றியும் படிக்கலாம், நாடகமும் படிக்கலாம். கோயிலில் யாராவது, "பேத்தி என்ன படிக்கிறா?" என்று கேட்டால், "எல்லாமும்தான் படிக்கிறா" என்று நிமிர்ந்து சொல்வேன். முதல் வருஷம் தனியாக இருக்க முடியாமல் தினமும் போனில் அழுதாள். அதைக் கேட்க மாட்டாமல் என் மகன் செந்தில், வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கிற, அதே மாதிரியான இன்னொரு காலேஜுக்கு மாற அப்ளை பண்ண வைத்தான். அவர்கள் பதில் போடுவதற்குள் பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்ற பிறகுதான் இடம் கிடைத்தது, அந்த ஊதா டீஷர்ட்டும் வந்தது. வருகிறாளா, இல்லையா என்று ஒரு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"அதே படிப்புதானே? வீக்கெண்ட் வீட்டுக்கு வரலாம். பேரும் பெரிய பேரு," என்றான் செந்தில்.

"அவளா கேட்டா? நீங்கதான அப்ளை பண்ண வச்சீங்க," என்றாள் மருமகள் கவிதா.

"போன வருஷம் அழுதது யாரு, அவளா நானா?"

"ரெண்டு பேருந்தான்."

பெட்டி வந்த வாரம்தான் விடுமுறைக்கு அவளை அழைத்துவர மலைக்குப் போனோம். பாறைப் பாடம் நடத்துகிற டீச்சர், தலை முழுக்க நரைத்த வெள்ளைக்கார அம்மாள், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நெடுநேரம் பேசினார். மரியாதைக்குத் தலையாட்டி, "எஸ், எஸ்" என்றேன். அந்த அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. காரில் ஏறியதும் யாழினி, "அப்பத்தா! நான் இங்கருந்து போறது உனக்கு ஓகேவான்னு கேட்டாங்க. யூ செட் எஸ், ட்வைஸ்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி புரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். காலை எட்டு மணிக்குக் காலியாகிற வீட்டில் சாயங்காலம் ஆறு மணிவரை என்னோடு பேசுவது குக்கர் மட்டும்தான்.

வியாழக்கிழமை ஆயிற்று. பிள்ளை "ஐ டோன்ட் நோ" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லவில்லை. "பூப்போட்டுப் பாத்துருவோம்" என்றேன். எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குச் சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனிக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வோம். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பு முடிந்ததும் என்னைப் பெற்ற அய்யா மாரியம்மன் கோயிலில் பூப்போட்டார். நான்தான் எடுத்தேன். சிவப்பு. "ஆத்தா வேணாங்கிறா" என்றார் அய்யா. மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மன் சொன்ன பிறகு என்ன பேச்சு?

வெள்ளை வந்தால் மலைக் காலேஜ், சிவப்பு வந்தால் பக்கத்துக் காலேஜ் என்று வைத்துக்கொண்டோம். கவிதா வாங்கிவந்த பூங்கொத்தில் இரண்டு நிறமும் இருந்தன. பூஜை அலமாரி முன்னால் தனியாக உட்கார்ந்து மடித்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தேன். கைதவறிச் செய்ததல்ல, தெரிந்துதான் செய்தேன்.

யாழினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். "பாத்தியா, சாமியே சொல்லிருச்சு!" என்று செந்தில் லேப்டாப்பைத் தேடிக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை, குழம்பு கிண்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பத்தா, அந்த வெள்ளைப் பூவ நான் எடுத்துக்கட்டா?"

"எதுக்குத்தா?"

"சும்மா. புக்குக்குள்ள வச்சுக்கறேன்."

ஆறு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஒரு 'சும்மா' போதும். கரண்டி என் கையில் அப்படியே நின்றது. "வெள்ளை இல்லத்தா" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு தானே போய் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"யூ சீட்டட் காட்? சாமியவே ஏமாத்துனியா?"

"சாமிய இல்ல. உன்னையத்தான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு மகனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். யாரிடமும் தலைகுனிந்து பழக்கமில்லாதவள் நான், அன்றைக்குக் குனிந்தேன். "ஏம்மா, இந்த வயசுல ஃபிராடு வேலையா?" என்றான் செந்தில். "அவங்களாவது ஒத்துக்கிட்டாங்க. நீங்க அப்ளை பண்ண வச்சதையே இன்னும் ஒத்துக்கல," என்றாள் கவிதா. அவன் லேப்டாப்பை மூடினான்.

வெள்ளிக்கிழமை யாழினி தானே எழுதிவிட்டாள், வரவில்லை என்று. ஜனவரியில் மலைக்குக் கிளம்பும்போது என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, ஊதா டீஷர்ட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். குளிருக்குச் சேலைக்கு மேலே அதைத்தான் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறேன். எதிரே நாயோடு வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் சட்டையைக் காட்டி, முகமெல்லாம் மலர்ந்து ஏதோ கேட்கிறார். அவரும் அங்கே படித்தவர் போலிருக்கிறது. அவளும் சேராத, நானும் பார்த்திராத காலேஜைச் சுமந்துகொண்டு, "எஸ், எஸ்" என்கிறேன்.

நடக்கும்போது மாரியம்மன் கோயில் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு நான் எடுக்காமல் விட்ட பொட்டலத்தில் என்ன பூ இருந்தது? எங்கள் அய்யாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, ஒரு மாதமாக எழுதியது இது. இங்கே தமிழ்ப் பள்ளியில் எட்டு வருஷம் படித்தவள் யாழினி. கவிதா பக்கங்களைப் படமெடுத்து மலைக்கு அனுப்பிவிட்டாள். இப்போது போனில் அவள் முகம் தெரிகிறது.

ஏத்தா, கேக்குதா? மொதல்லருந்து வாசி. பூ மடிச்ச எடம் வந்ததும் அப்பத்தாவுக்குச் சங்கடமா இருக்கும்னு தாண்டிப் போயிராத. அத மெதுவா வாசி.