மெஷின் நுழையாத மூலை

கொச்சங்காடி வீட்டில் பாத்திரம் தேய்ப்பது வெங்கிடாசலம்தான். ஓய்வு பெற்று வந்த மறுவாரமே அந்த வேலையை அவராக எடுத்துக்கொண்டார். சத்தம் தெருமுனைக் கிட்டங்கி வரை கேட்கும், அவருக்குக் கேட்காது.

"மாமி, உங்காத்துல என்ன, யுத்தமோ?" என்று பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா மதில்மேல் எட்டிப் பார்ப்பாள்.

"பெங்களூர்ல அடிச்சது போறலையாம்" என்பாள் அனந்தலக்ஷ்மி.

பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் ரிவெட் ஆணி அடித்து அடித்தே அவர் காது போயிற்று. அத்தனை வருஷமும் ஓணத்துக்கு ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை வந்து போன புருஷன். ஒருவழியாக வந்து உட்கார்ந்ததும் பேசலாம் என்று அவள் சேர்த்து வைத்திருந்தது ஏராளம். ஆனால் எதிரே நின்று உதட்டை அசைத்தால்தான் அவருக்குப் புரியும், அதுவும் பாதி. ஒருநாள் துணிந்து, தன் அம்மா செத்தபோது தான் ஒருத்தியாகக் கிடந்து அல்லாடியதைச் சொன்னாள். முழுவதும் உதட்டையே பார்த்திருந்துவிட்டு, "உப்பெல்லாம் சரியா இருக்கு" என்றார்.

அந்த வருஷம், 1984 சித்திரையில், ஒச்சப்பன் வந்தான். உசிலம்பட்டிக்காரன். இவர் வெளியே நின்று ரிவெட் அடிக்க, இறக்கைக்குள் படுத்து இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடித்தவன். அவனுக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது.

"எட்டாளு வேலைய இப்ப மெஷினு வச்சு ரெண்டாளு பாக்குறான் அண்ணி. ரிட்டயரானவன் இடத்துக்குப் புது ஆளே எடுக்கல. பிளேன் மட்டும் முன்னைவிடக் கூட வேணுமாம். மெஷின் நுழையாத மூலைக்கு எவன் போவான்? பழைய ஆளுகளைக் காண்ட்ராக்டுல கூப்புடுறாங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"காது கேக்காத மனுஷனையா?"

"அங்க எவனுக்கு அண்ணி கேக்குது!"

சொல்லிவிட்டு மேஜையைத் தட்டினான். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. உள்ளே இருப்பவன் தகட்டில் தட்டுவதை வெளியே இருப்பவன் கையால் தெரிந்துகொள்வான். அப்படித்தான் வேலை நடந்தது. வெங்கிடாசலம் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார். ஒச்சப்பன் வேகவேகமாக ஏதோ தட்ட, அவர் குலுங்கிச் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

ஒச்சப்பன் சாயா குடிக்க வெளியே போனதும் அவர் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். மத்தியானப் பாத்திரங்கள் முற்றத்தில் அப்படியே கிடந்தன. அனந்தலக்ஷ்மி வேஷ்டிகளை மடித்துக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, போகாம இருக்கப்படாதோ?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

தோளைத் தொட்டால் திரும்புவார். எதிரே போய் நின்றால் உதட்டைப் பார்ப்பார். உப்பைப் போல இதற்கும் ஏதாவது சொல்வார். இல்லை, சரியாகவே புரிந்துகொண்டு, போகிறேன் என்று சொல்லிவிடுவார்.

வேஷ்டிகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவள் அறையைவிட்டு வெளியே போனாள்.