பென்சில் புள்ளி

கரையான்சாவடிக்குப் பின்னால் உள்ள இடுகாட்டில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் திறந்தார். கட்டம் போட்ட லுங்கி, காதில் செருகிய பென்சில். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

என் தாத்தா, அப்பாவின் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடிப்போனவர். "எங்க செத்தானோ, யாருக்குத் தெரியும்?" என்று தான் சாகும்வரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேதான் புதைத்தார்கள் என்று ஓர் உறவினர் சொன்னதால் போன மாதம் தேடிப் போனேன்.

பழைய பதிவேட்டில் தாத்தாவின் பெயர் இருந்தது. அடக்கம் செய்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. உறவுமுறை என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இது என்னங்க புள்ளி?"

"நான் வெச்சதுதான் நைனா. சில பேரு தெரிஞ்சவருன்னு எழுதிடுவாங்க. அப்பால குழியாண்ட குந்திகினு மொட்ட அடிச்சிக்குவாங்க. புள்ளயா இல்லாதவன் எதுக்கு அடிச்சிக்கப் போறான்? பின்னாடி யார்னா தேடிகினு வந்தா சொல்லணும்ல."

எனக்குப் பத்து வயதில் அப்பா ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். திருத்தணியில் வேண்டுதல் என்றார். விபூதி எங்கே என்று அம்மா கேட்டபோது நேராகக் குளிக்கப் போனார்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள் இருந்தன. அவற்றைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

பெரியவர் பதிவேட்டை மூடினார்.

"இத்தினி வருசத்துல நீதான் நைனா மொத ஆளு."