டோலியில் வந்தது சாராயம் இல்லை

"வெள்ளக்காரன் தராசு குடுத்தான், பால் பவுடரு குடுத்தான், ஜீப்பு கூட குடுத்தான். இந்த மலைக்கு ஒரு ரோடு போட எவனுக்கும் துப்பில்ல."

நர்ஸ் குஞ்சம்மாள் தினமும் இதைச் சொல்வார். துணை சுகாதார நிலையத்தைக் காலையில் திறக்கும்போது ஒரு முறை, சாயங்காலம் பூட்டும்போது ஒரு முறை. கேட்க ஆள் இல்லையென்றால் பூட்டிடமே சொல்வார்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் வந்தது எண்பத்திரண்டில். பிறந்தது மணலூர்பேட்டை. புருஷன் செத்துப்போனவர், பிள்ளையும் இல்லை. உலகத்தில் ஏழைப் பிள்ளைகள் சாகக் கூடாது என்று அந்த வருஷங்களில் எங்கெங்கோ கூட்டம் போட்டு முடிவெடுத்தார்களாம். அந்த முடிவு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு தொங்கு தராசாகவும், நூறு உப்புக்கரைசல் பொட்டலமாகவும், குஞ்சம்மாளாகவும் இருந்தது. ஜீப் தார் ரோட்டோடு நின்றுவிடும். மலைக் கிராமங்களுக்கு அவர் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போவார்.

குழந்தையை எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று அம்மாக்காரிகள் ஒளித்து வைப்பார்கள். "ஆட்டுக்குட்டிய எடை போட்டு விக்கத் தெரியுது, உம் புள்ளய போட மட்டும் வலிக்குதாடி?" என்று வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுவார். அப்படித் திட்டு வாங்கியவர்களில் நானும் உண்டு.

எண்பத்தேழு செப்டம்பரில் எங்கள் சாதிச் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. கேட்டது நியாயம். நடந்தது எல்லாம் நியாயமா என்றால், இல்லை. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி வரை எட்டு மைலில் பதினோரு மரம். வெட்டியவர்களில் என் வீட்டுக்காரர் ராமசாமியும் ஒருவர்.

மூன்றாம் நாள் காலையில் போலீஸ் வந்து அடித்தது. ஊரில் பெரிய மனிதரான ஆதிமூலத்துக்கு மண்டை பிளந்தது. போலீஸ் போனதும் நம் ஆட்கள் ஒரு பஸ்ஸை எரித்தார்கள். பக்கத்து ஊர்க் காலனியில் குடிசைகள் எரிந்தன. கொளுத்தியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் மரத்தடியில் இருந்தவர்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு நான் போனபோது ஒவ்வொருத்தன் கண்ணும் வெறிபிடித்தது போல இருந்தது. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

அந்த நேரத்தில்தான் மலையிலிருந்து டோலி வந்தது. ஒரு மூங்கில், அதில் கட்டிய புடவைத் தொட்டில், மேலே கம்பளி. முன்னால் சின்னக்கண்ணு, பின்னால் அவன் தம்பி. சின்னக்கண்ணுவின் பொண்டாட்டி பூமாலைக்கு முந்தின நாளே வலி கண்டிருந்தது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தால்தான் பிழைப்பாள் என்று குஞ்சம்மாள் தூக்கிவரச் சொல்லியிருந்தார். வழியில் அவளுக்கு வாயில் விடத் தண்ணீர் மொள்ள அவர் வாய்க்காலில் இறங்கியதால் கொஞ்சம் பின்தங்கிவிட்டார். டோலி அவர் இல்லாமல் எங்கள் ஆட்களிடம் சிக்கியது.

மலைச் சாராயம் லாரி டியூபில்தான் கீழே இறங்கும். டியூபை வயிற்றில் கட்டிக்கொண்டு மாசமாக இருப்பது போல நடந்து வரும் பெண்கள் அப்போது உண்டு. போலீஸ்காரன் கூரான கம்பியால் குத்திப் பார்ப்பான். போராட்டம் முடியும்வரை ஊருக்குள் சாராயம் வரக்கூடாது என்று ஆதிமூலம் கட்டுப்பாடு போட்டிருந்தார். நம் ஆட்களுக்கு எந்த டோலியைப் பார்த்தாலும் டியூபாகத்தான் தெரிந்தது.

"இன்னாடா இது?"

"புள்ளத்தாச்சி சாமி. நெனவு தப்பிடிச்சு. வுடுங்க."

"நேத்தும் ஒரு புள்ளத்தாச்சி வந்தா. குத்தினா பத்து லிட்டர் பெத்தா!"

சிரித்தார்கள். கீழே இறக்கச் சொன்னார்கள். சின்னக்கண்ணு இறக்கவில்லை. ஒருவன் தடியால் அவன் தோள்பட்டையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியும் அவன் மூங்கிலை விடவில்லை. கை ஓங்கினால் பொண்டாட்டி கீழே விழுந்துவிடுவாள் என்று அடியை வாங்கிக்கொண்டே நின்றான். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. என் வீட்டுக்காரர் கம்பியோடு முன்னால் போனார்.

"ஒரு குத்து வுட்டா தெரிஞ்சிடப் போவுது."

"ஏங்க, வேணாங்க!" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது?

கம்பி இறங்கிய நேரத்தில் குஞ்சம்மாள் ஓடிவந்து கம்பளிமேல் இடது கையைக் குறுக்கே போட்டார். முழங்கைக்குக் கீழே ஏறிய கம்பி மறுபக்கம் வந்து கம்பளியில் மாட்டி நின்றது. ஒரு விரற்கடை போயிருந்தால் பூமாலை வயிறு.

"இழுக்காதடா நாயே," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு தானே உருவினார். புடவைத் தலைப்பைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "கட்டுடி. நடுங்காத, இறுக்கிக் கட்டு." பிறகு நல்ல கையால் கம்பளியை விலக்கினார். "வாங்கடா. சாராயமா, பிராந்தியா, பாத்துச் சொல்லுங்க."

தொடைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை நீலம் பாரித்து வெளியே கிடந்தது. விரல்கள் மூடியிருந்தன.

ஒருவன் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தான். ஆதிமூலம் தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஒங்க பொண்டாட்டிங்க அத்தினி பேரு வயித்தயும் தொட்டுப் பாத்தவடா நானு. மரத்த வெட்டத் தெரிஞ்ச கைக்குத் தூக்கத் தெரியாதா? தூக்குங்கடா!"

சின்னக்கண்ணுவின் தோள் தொங்கிவிட்டதால் முன் மூங்கிலை என் வீட்டுக்காரர் எடுத்தார். அடுத்து நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். பதினோரு மரத்தையும் டோலியைத் தலைக்குமேல் தூக்கித் தாண்டியிருக்கிறார்கள். ஆறாவது மரத்தில் வேறு ஊர்க் கூட்டம். கல்லால் அடித்ததில் அவருக்கு இரண்டு பல் போனது. "நாங்களும் சங்கந்தாண்டா!" என்று ரத்தத்தோடு கத்தியும் நம்பவில்லை. டியூப் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அந்த மரத்திலிருந்து கடைசி மரம் வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் குஞ்சம்மாள் கம்பளியை விலக்கிக் காட்ட வேண்டியிருந்தது. பூமாலைக்கு நினைவில்லாததே நல்லது.

குழந்தை வழியிலேயே செத்திருந்தது. பூமாலை பிழைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் வந்து கையைக் குத்தியது யார் என்று கேட்டது. "மரக்கிள கிழிச்சிடிச்சு," என்றார் குஞ்சம்மாள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிட்டார்.

"ஒன் மூஞ்சிக்காக சொல்லலடி. அவன உள்ள தள்ளிட்டா ஒன் வயித்துல இருக்கறதுக்கு எவன் கஞ்சி ஊத்துவான்? எடை கொறஞ்சா நான்தான் பதில் எழுதணும். ஆனா சும்மா வுட மாட்டேன். இனிமே மலையிலிருந்து எந்த டோலி வந்தாலும் ஒன் வூட்டு மாட்டு வண்டி அடிவாரத்துல நிக்கணும்."

என் வீட்டுக்காரர் ஒன்றும் திருந்திய மகான் இல்லை. ஒரு தடவை கரும்பு வெட்டு இருக்கிறது, வண்டி வராது என்றார். குஞ்சம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்று, தழும்பு தெரியக் கையைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார். "இவன் குத்துன பச்சையப் பாருங்க!" வண்டி உடனே கிளம்பியது. மலைக்கு ரோடு வந்து ஆம்புலன்ஸ் ஓடும்வரை பதினாலு வருஷம் அந்த வண்டி போனது. முப்பத்தெட்டுப் பெண்களை ஏற்றியது. இரண்டு பேர் தவிர எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். அந்த இரண்டு பேரின் பேரைக் கேட்டால் குஞ்சம்மாள் இப்போதும் சொல்வார்.

சின்னசேலம் ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இடது கையில் மூன்று விரல் மடங்காது, தலை பின்னிக்கொள்ள முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் பூமாலை பஸ் ஏறி வந்து எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டுப் போகிறாள். மற்ற ஆறு நாள் யாரும் இல்லை. அந்தப் பக்கம் போனால் இறங்கிப் போய்ப் பாருங்கள். பழம் வாங்கிப் போகாதீர்கள், திட்டுவார். பெண்கள் போனால் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.