பேர் வைக்காத குட்டிகள்

எங்க ஃபாரஸ்ட் வாட்சர்மாருக்குள்ள ஒரு கட்டுப்பாடு உண்டு. புலிக்குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாது. வச்சா, காணாமப் போற அன்னைக்குத் தேடத் தோணும். நம்ம வேலை தடத்தைப் பாத்துட்டு வந்து சொல்றது, தேடுறதில்ல. கல்யாணமான புதுசுல இதை என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னப்போ, “நல்லாருக்கு உங்க சட்டம்”னு அவ கேலி பண்ணியிருக்கா.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு மேல ஒரு தாய்ப்புலி மூணு குட்டியோட திரிஞ்சுது. ஓடை மணல்ல தாயோட தடத்துக்குப் பக்கத்துல சின்னதா மூணு தடம் போகும். படம் எடுத்துட்டு, மரத்துல கட்டியிருக்க கேமராவுல கார்டை மாத்திட்டு, சத்தங்காட்டாம இறங்கிருவோம். மத்தவங்களுக்கு அதுல ஒரே சந்தோசம். எனக்கு ஒண்ணும் தோணல.

அதே வருஷம் எங்க பிள்ளை பிறந்து ஒரு நாள்தான் உசிரோட இருந்தா. கல்லறைத் தோட்டத்துல போதகர் பேர் கேட்டாரு. “வைக்கல”ன்னேன். ஞானஸ்நானத்துக்கு வச்சுக்கலாம்னு இருந்தோம். எனக்கும் அழுகை வரல, என் வீட்டுக்காரிக்கும் வரல. “ரெண்டும் கல்லு மாதிரி நிக்குதுக”ன்னு அவ அம்மா வஞ்சாக. வஞ்சா வஞ்சுட்டுப் போறாக, எனக்கென்ன வந்துச்சு? மறுவாரமே டூட்டிக்கு ஏறிட்டேன்.

பொறவு அவளும் இராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனிக்குத் துணி மடிக்கப் போனா. சாயங்காலம் வீட்டுல எங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்காது. சோத்தைப் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேப்பா.

“குட்டி மூணும் இருக்கா?”

“இருக்கு.”

அம்புட்டுதான் பேச்சு.

மழை விட்டு ஒரு நாள் ஏறினோம். மணல்ல தாயோட ரெண்டு குட்டித் தடம்தான் இருந்துச்சு. கார்டைப் போட்டுப் பாத்தா அதுலயும் ரெண்டுதான். கூட வந்த வாட்சர், “சரி, ரெண்டுன்னு சொல்லிருவோம், வாலே போவோம்”ன்னு கிளம்பிட்டாரு. நான் கிளம்பல. ஓடைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு புதரை விலக்கி விலக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

“என்னத்தலே தேடுத? தாய் பக்கத்துலதான் நிக்கும். பேர் கீர் வச்சியா?”ன்னு திரும்பி வந்து கேட்டாரு.

“வைக்கல”ன்னேன்.

அன்னைக்கும் அவ கேட்டா. இருக்குன்னே சொல்லிருவோமான்னு பாத்தேன். வாய் வரல.

“ரெண்டுதான் இருக்கு.”

கரண்டியைக் கீழ வச்சா. “தேடினியளா?”

“தேடினேன்.”

“பேர் இல்லாம என்னன்னு கூப்பிட்டுத் தேடுவிய?”

நான் சோத்துல கையை வச்சேன். அப்பதான் அவளே சொன்னா.

“நம்ம பிள்ளைக்கு நான் வச்சேன். நர்ஸு என் கையில குடுத்தப்போ காதுல சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா நீங்க தேடுவியன்னுதான் சொல்லல.”

“சொல்லுட்டி”ன்னேன்.

சொன்னா. அந்தப் பேரை இங்க எழுத மாட்டேன். சோத்துல வச்ச கையை எடுக்காம, அதையே சொல்லிச் சொல்லி அழுதேன். அவளும் அழுதா.