இடப்பக்கம் மட்டும் திரும்பும் அண்ணி

என் அண்ணி சபீனாவுக்குச் சைக்கிளில் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும். கேலிக்காகச் சொல்லவில்லை. இதில் கேலிக்குரிய ஆள் வேறு ஒருத்தி. கொஞ்சம் பொறுத்தால் அவளே வந்து நிற்பாள்.

அண்ணி பூந்தமல்லி கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. அதாவது, மற்றவர்கள் எழுதி வைத்ததில் எங்கே தப்பு இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவது. வீட்டுக்கு வந்துவிட்டால் யார் தப்பும் அவர் கண்ணில் படாது. என் அண்ணன் ஜாபஸோடு அவர் இத்தனை வருடம் குடும்பம் நடத்துவது இந்த ஒரு குணத்தால்தான்.

அவர்கள் இருப்பது ஐயப்பன்தாங்கலில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில். உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று அண்ணன் ஒருமுறை விலை கூடிய சைக்கிள் ஒன்றை வாங்கினான். சில வாரம் ஓட்டினான். அப்புறம் அது பால்கனியில் துண்டு காயப்போடும் கம்பியாக வேலை பார்த்தது. ஒரு நாள் அண்ணி துண்டுகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, சைக்கிளை லிஃப்டுக்குள் குதிரை மாதிரி நிமிர்த்திப் பிடித்துக் கீழே கொண்டுபோனார்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு சிமென்ட் பாதை உண்டு. கார்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க அதை ஒருவழிப் பாதையாக்கி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். எல்லா அம்பும் இடப்பக்கம். அண்ணி தினமும் விடியற்காலையில் அதில்தான் சுற்றினார். வாயிலில் இருக்கும் காவலாளி ஏகாம்பரம் விடாமல் கேட்பாராம்.

"இன்னாமா, இன்னிக்கு எது வரிக்கும் போய்க்கினு வந்த?"

"காஞ்சிபுரம் தாண்டிட்டேன் அண்ணாத்தே."

"அப்டியே ஒரு இட்லி வாங்கினு வர்றதுதானே!"

இனி அந்த இன்னொருத்தி. நான், ரெனிதா. சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றி, கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, ஆவடி கோவில்பதாகையில் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் நான் சைக்கிளோடு கடந்த மேகாங் ஆறு வந்துவிடும். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம், இது போர்ச்சுகலில் லேசில் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். "அப்போ ரெண்டு கட்டா போடவா?" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு வேன் பிடித்துக் குடும்பமாக எங்காவது போய்வருவது வழக்கம். போன டிசம்பரில் டாடிக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தூசியில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் விடுமுறை எங்கள் வீட்டிலேயே என்று மம்மி அறிவித்தார். அண்ணனும் அண்ணியும் இரண்டு பெட்டிகளோடு ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆவடிக்குச் சுற்றுலா வந்தார்கள். காரின் பின்னால் சைக்கிளும் வந்தது. அண்ணி தன் வீட்டுச் சமையலறையிலிருந்து கொஞ்சம் பெரிய சமையலறைக்கு வந்தார். அதுதான் அவருக்கு விடுமுறை.

வந்த அன்று மாலை, மாடியில் துணி எடுக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெனி, நீ ஒலகத்தையே சுத்துனவ. எனக்கு ஒரு நல்ல ரோடு காட்டு. பாக்க அழகா இருக்கணும். லாரி கூடாது. ஒரே ஒரு மணி நேரம்."

"நானும் வரேன் அண்ணி."

"அதான் வேணாங்கறேன். ஒரு மணி நேரம் என்னை ஒருத்தரும் சபீனான்னு கூப்புடக் கூடாது. நீயும்தான். லீவு முடிஞ்சா தினம் ஆபீஸ் வரணும்னு சொல்லிட்டானுங்க. அப்புறம் காலையில காம்பவுண்டைச் சுத்தக்கூட நேரம் கெடைக்காது. யார்கிட்டயும் சொல்லிடாத, இன்னா?"

எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் தனியாகப் போவதில்லை. டாடியின் கண்ணுக்கு மருந்து போட நர்ஸ் ஒருவர் போதும். நாங்கள் ஒரு கார் நிறையப் போனோம். அண்ணிக்கு ஒரு பல் பிடுங்கியபோது வெளியே உட்கார இடம் இல்லாமல் அடுத்த கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் ஒரு மணி நேரத் தனிமை கேட்பது சொத்தில் பங்கு கேட்பதை விடப் பெரிய விஷயம்.

நான் வேலையில் இறங்கினேன். லேப்டாப்பைத் திறந்து செயற்கைக்கோள் படத்தில் பச்சையையும் நீலத்தையும் தேடினேன். முதல் திட்டம் பாரிவாக்கம் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரி வரை. அண்ணி தூரத்தைப் பார்த்தார். "ஏண்டி, நான் சைக்கிள்ல போறேனா, ரயிலுக்குத் தண்டவாளம் போடறேனா?" இரண்டாவது திட்டத்தில் ஒரு ரயில்வே கேட், ஒரு குப்பைமேடு. மூன்றாவதுதான் என் பெருமைக்குரிய படைப்பு. எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, ஊருக்கு வெளியே வயலோரமாகப் போய், ஏரிக்கரையில் ஏறி, ஒரு வட்டமடித்து வீட்டுக்கே திரும்பும் வழி. சூரியன் எங்கே எழும்பும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், கொக்குகள் எந்த மரத்தில் இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு லாரி கிடையாது. அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்து, "சூப்பரா கீது ரெனி. நீ சொல்லிட்டா சரிதான்," என்றார். நாள் முழுக்கத் தப்பு தேடுகிறவர், வீட்டுக்குள் தேடமாட்டார் என்று ஏற்கெனவே சொன்னேன்.

அடுத்த நாள் விடியலில் கிளம்புவதாக முடிவு. அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். அண்ணி ஆபீஸ் அழைப்பில் மாடியில் இருந்தார்.

குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும் என்பது மம்மியின் சட்டம். டாடி கண் என்றார். அண்ணன் பதவி உயர்வு என்றான். நான் ஊர் திரும்பியதிலிருந்து "எனக்கு வேலை கிடைக்கணும்" என்றே சொல்லி வந்தேன். எனக்கே சலித்திருந்தது, கேட்கிறவருக்கும் சலித்திருக்கும். அன்று வாய் தானாகத் திறந்தது.

"நாளைக்குக் காலையில அண்ணி சைக்கிள்ல தனியா போறாங்க. பத்திரமா வரணும்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. மம்மி மூடிய கண்களைத் திறந்தார்.

"தனியாவா? எந்த வழியா?"

"அது எதுக்கு மம்மி?"

"வெவரமா சொன்னாதானே வெவரமா ஜெபிக்க முடியும்!"

அண்ணன் பாதித் தூக்கத்தில் இருந்தான். விவரமாகச் சொன்னேன். தெருமுனையில் வலது, தண்ணீர்த் தொட்டியில் வலது, ஏரிக்கரையில் வலது, அரிசி ஆலையில் வலது. நாலு திருப்பத்துக்கும் மம்மி தனித்தனியாக ஜெபித்தார். "அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட, ஆண்டவரே, நீர் காவல் நில்லும்!" ஆமென் சொன்ன கையோடு ஆண்டவருக்கு உதவியாக யார் யார் போவது என்று பேச்சு ஆரம்பித்தது.

"அவங்க தனியா போகணும்னு கேட்டாங்க," என்றேன்.

"தனியாவே போகட்டும்டி. நாம கூடவா போறோம்? முன்னாடி போய் நிக்கப் போறோம்," என்றார் மம்மி. "பாவம், ஏரிக்கரையில நம்மளப் பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

மாடிக்குப் போய் அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். தனியாகப் பல எல்லைகளைக் கடந்த எனக்கு அந்த மாடிப்படியைக் கடக்கத் தைரியம் வரவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி போனார். போன் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. வேண்டுமென்றே விட்டுப் போயிருந்தார். அதுவரை குறட்டை விட்ட குடும்பம் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது. பிளாஸ்க், மீதமிருந்த பிளம் கேக், மடக்கு நாற்காலி, கறுப்புக் கண்ணாடியோடு டாடி, எல்லாம் காரில் ஏறின. கடைசியாக நானும் ஏறினேன். குறுக்கு வழியில் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம்.

ஏரி நிரம்பிக் கிடந்தது. வெளிச்சம் நான் சொன்ன பக்கத்திலிருந்தே விழுந்தது. கொக்குகூட வந்திருந்தது. அண்ணி மட்டும் வரவில்லை.

டாடி ஒரு துண்டு கேக்கை முடித்தார். மம்மி கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கொஞ்ச நேரத்தில் நடை நின்று உதடு மட்டும் அசைந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னாடி ரூட்டு போட்டுக் குடுத்த? காட்டு."

போனில் காட்டினேன். "தெருமுனையில ரைட்டு, இங்க ரைட்டு, இங்க ரைட்டு..."

"இரு. அவளுக்கு ரைட்டே வராதுடி! எங்க காம்பவுண்டுல எல்லாமே லெஃப்டுதான்!"

"நடு ரோட்டைத் தாண்டாம ஓரமாவே ஒடிச்சுத் திரும்பலாம்னுதானே அண்ணா எல்லாத்தையும் ரைட்டா..."

பாதியில் நிறுத்தினேன். நான் ஓட்டிய நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும். அங்கே வலது திருப்பம்தான் சுலபம். இங்கே நாலு இடத்திலும் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே சாலையைக் கடக்க வேண்டும். சூரியனையும் கொக்கையும் கணக்குப் போட்டவள், எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"மேகாங்ல கொண்டு போய் வுட்ருக்கா பாருங்க மம்மி," என்றான் அண்ணன். அவன் குரலில் சிரிப்பு இல்லை. மம்மி காரில் ஏறி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு முனையிலும் காரை மெதுவாக்கினோம். எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் மம்மி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டு வாசலில் சைக்கிள் சாய்ந்திருந்தது. உள்ளே டாடியின் சாய்வு நாற்காலியில் அண்ணி. கால்கள் எதிரே ஸ்டூல் மேல். கையில் ஒரு டம்ளர் டீ. அடுப்பில் எல்லாருக்குமான பெரிய பால் பாத்திரம் இல்லை, மேடையில் காபி ஃபில்டர் இல்லை, வேறு டம்ளர்கள் இல்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அவர் ஒரே ஒரு ஆளுக்கு டீ போட்டது அன்றைக்குத்தான்.

"எங்க போய்க்கினு வரீங்க எல்லாரும், அதுவும் நாற்காலியோட?" என்றார்.

அண்ணன் மடக்கு நாற்காலியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

அண்ணி என்னைப் பார்த்தார். "தெருமுனையில ரைட்டுல ஒரு தண்ணி லாரி வந்துச்சு. சரின்னு லெஃப்டுல ஒடிச்சேன். அப்புறம் எல்லாமே லெஃப்டுதான். கறிக்கடை, பஸ் ஸ்டாண்டு, அப்புறம் அந்த ஃபேக்டரி காம்பவுண்டு சுவரு. எம்மாம் நீளம் கீது தெரியுமா ரெனி! இந்தப் பக்கமும் ஒருத்தர் இல்ல, அந்தப் பக்கமும் ஒருத்தர் இல்ல. நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு தடவ சுத்தினேன்."

நான் பச்சையும் நீலமும் தேடியபோது கண்டுகொள்ளாமல் தள்ளிய சாம்பல் நிறச் சுவர் அது.

மம்மி கேக்கை நீட்டினார். "பயமா இல்லையா சபீனா?"

"லாரியப் பாத்துக் கொஞ்சம் பயந்தேன் அத்தை. அப்புறம் இல்ல." கேக்கை வாங்கிக்கொண்டார். காலை இறக்கவில்லை.

அன்று மாலை ஜெபத்தில் மம்மி வரிசையாகக் கேட்டு வந்தார். அண்ணி, "எனக்குக் குறிப்பு எதுவும் இல்ல அத்தை," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேலை கிடைக்க வேண்டும் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

மறுநாள் விடியலில் மறுபடி கேட் சத்தம். அண்ணி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் ஜன்னலோரம் போய் நின்றேன். அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. மம்மி முழித்துவிட்டார். இதோ கார் சாவியைத் தேடப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரெனி," தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். "எந்தப் பக்கம் திரும்புனா?"

"லெஃப்டு மம்மி."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"சரி, படு," என்றார்.