மரிய செல்வி நீக்கிய வரிகள்

பாச்சலூரிலிருந்து மரிய செல்வியின் தம்பி அழைத்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். "அக்கா போயிருச்சு சார்" என்றார். புற்றுநோய் முற்றிவிட்டது என்று முன்பே தெரியும். அடக்கம் எப்போது என்று கேட்டுக்கொண்டேன்.

மரிய செல்வி கொடைக்கானலில் என்னோடு பணியாற்றியவர். மலைச்சரிவில் மண் நகர்ந்தால் சங்கு ஊதும் கருவிகளைச் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. மண்ணுக்குள் புதைத்த சென்சாரோடு கருவியின் இயங்குதளம் பேச உதவும் டிரைவர் நிரல் அவர் பொறுப்பு. பலவகை சென்சார்கள் வரும் என்று நம்பி, முன்பு இருந்தவர்கள் அதை அடுக்கடுக்காக எழுதிவைத்திருந்தார்கள். வந்தது ஒரே வகைதான். நடு அடுக்குகள் மேலிருந்து வாங்கிக் கீழே கொடுத்தன, கீழிருந்து வாங்கி மேலே கொடுத்தன; வேறு வேலை இல்லை.

"இத்தனை எதுக்குங்க நடுவுல? எடுத்துருவோம்" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "ஓடுறதை ஏன் தொடணும்?" என்பார் மேலாளர்.

சென்ற ஆண்டு மழையில் கவுஞ்சி கிராமத்தில் சரிவு இறங்கியது. சங்கு ஊதவில்லை. கேரட் தோட்டத்தில் நின்ற ஒரு பெண் மண்ணுக்குள் போனார். சிக்னல் கிடைக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. மரிய செல்வி அதை நம்பாமல் நிரலை வரிவரியாகப் படித்தார். சென்சார் பழுது என்றாலும் சங்கு ஊத வேண்டும். பழுதுச் செய்தி வந்திருந்தது. நடு அடுக்கு ஒன்று அதை விழுங்கிவிட்டு, பழைய அளவையே மேலே அனுப்பியிருந்தது.

அந்தப் பெண்ணின் கணவரிடம் நேரில் சொல்லப் போனார். நானும் உடன் போனேன்.

"சிக்னல் இல்லைங்கிறது பொய்யிண்ணே. எங்க வேலையிலதான் தப்பு."

"இப்பச் சொல்லி என்னம்மா செய்ய? போயிட்டு வாங்க" என்று அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரமே நடு அடுக்குகளை முழுவதுமாக நீக்கி, சோதித்து, எல்லாக் கருவிகளிலும் ஏற்றினார். கவுஞ்சிக்குப் போய்ப் பேசியதற்காக அவரை விலகச் சொன்னார்கள். "எடுத்ததைத் திரும்பப் போட்றாதீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நோய் தெரிந்தது அதன் பிறகுதான்.

இந்த மழைக்குக் கவுஞ்சியில் சங்கு ஊதியது. மதுரை மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னேன்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அந்த அண்ணன்?"

"அவரும்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாச்சலூரில் அடக்கம். நிறுவனத்திலிருந்து என்னைத் தவிர யாரும் வரவில்லை. கவுஞ்சிக்காரரும் வரவில்லை, வர வேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை. குழியில் மழைநீர் ஊறிக்கொண்டே இருந்தது. தம்பி உள்ளே இறங்கி வாளியால் இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அந்த ஈரத்திலேயே பெட்டியை இறக்கினோம்.

போய் வாருங்கள், மரிய செல்வி.