மூக்கை நம்பிய ஐந்து வருஷம்

பல் தேய்க்கும்போது அண்ணனுக்கு ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்றான். பிறகு அடிபடாமலே தொடையில் நீலம் பூத்தது. அப்போதும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் அன்றைக்கே போங்கள்.

சாலை என்ற கடைத்தெருவில் குடியிருந்துகொண்டு, ஊருக்கு வெளியே பசை செய்யும் சின்னக் கம்பெனிக்கு இரண்டு பேரும் போய்வந்தோம். ரப்பரைத் தின்னரில் கரைக்கிற பெரிய தொட்டி எங்கள் பொறுப்பு. பசையை எடுத்ததும் தொட்டியை மூடிவைத்து, உள்ளே நிற்கும் ஆவியைக் கண்டென்சர் (ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் தின்னராக்கும் குழாய்) வழியாக இழுக்க வேண்டும். அது சொட்டி முடிய ஒரு மணி நேரமாகும். அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாதியிலேயே மூடியைத் திறந்துவிடுவான். நான் குனிந்து மோந்து பார்ப்பேன்.

"மக்கா, உன் மூக்குதான் நமக்கு மெஷின். இறங்கலாமா?"

"மணம் போயிட்டு. இறங்கு."

அவன் உள்ளே இறங்கி, ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டுவான். ஐந்து வருஷம் இப்படித்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அண்ணனின் இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, அப்லாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய்) என்றார்கள். டாக்டர் எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டார். என் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "மோளே, கொஞ்ச நேரத்துல மூக்கு தளர்ந்து போகும். மணம் தெரியாது, அவ்வளவுதான். ஆவி அங்கேயே நிக்கும்."

"அப்போ நான் சொன்னதாலயா?"

"இந்த நோய் இன்ன காரணத்தாலன்னு உறப்பா சொல்ல எங்களாலயும் முடியாது."

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். ஊசிகள் போட்டார்கள். தனி அறையில் மாஸ்க் கட்டிக்கொண்டு அண்ணனிடம் கேட்டேன்.

"நான்தானே உன்னை இறங்கச் சொன்னேன்?"

"போடி. மூடியைத் திறந்தது யாரு? உனக்கு எல்லாத்துலயும் பேர் வேணும்."

நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது. அது இறங்கவில்லை. அண்ணன் போய்விட்டான்.

கம்பெனியில் இப்போது சொட்டு நிற்காமல் மூடியைத் திறக்க முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். என் ரத்தத்திலும் அணுக்கள் குறைந்திருந்தன. வேலையை விட்ட பிறகு மெல்ல ஏறுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். என் வருஷத்துக்கு இப்போது அந்த நாலே நாள்தான் இருப்பதுபோல் தோன்றுகிறது.

அண்ணன் போய், நானும் வேலைக்குப் போகாமல் சில வாரம் கழிந்தபின் அலமாரியைத் திறந்தேன். அண்ணன் சட்டைகளிலிருந்து தின்னர் குப்பென்று அடித்தது. இத்தனை நாளும் அது எங்கள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் துவைத்து மாடியில் காயப்போட்டேன். சாயங்காலம் முகர்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் வெயிலிலேயே விட்டுவைத்தேன்.